தோட்டா தட்டுப்பாடு வந்தால்: கடையில் வாங்குவதா, வீட்டில் நிரப்புவதா?

"அண்ணா, தோட்டா விலை மறுபடி ஏறப்போகுதாம். பேசாம ஒரு ரீலோடிங் ப்ரெஸ் வாங்கிப் போட்டுடவா?"

டெக்சஸில் என்னோடு ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு, வரும் தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான். சுட்டுக் காலியான கூட்டை வீட்டிலேயே மறுபடி தோட்டாவாக்கும் கருவிதான் ரீலோடிங் ப்ரெஸ். 2013 தட்டுப்பாட்டின்போது இதே கேள்வியை நான் ஒரு பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். 2020-இல் என்னிடம் கேட்டவர்களுக்குக் கணக்கே இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில ஆயிரம் தோட்டா சுடுகிறவர்கள், விலையைப் பார்த்துத் தயங்கி நிற்பவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நான் சொல்வது அமெரிக்காவுக்கு மட்டும். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதை முயல வேண்டாம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் தேவை. மாநில விதிகள் தனி, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வைத்திருக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. பச்சை அட்டை வந்தபிறகு அந்தத் தடை இல்லை. நண்பன் ஒரு பெட்டி கொடுத்தான் என்று வாங்கி வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

## தட்டுப்பாடு எங்கே தொடங்குகிறது

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அடியில் பொருத்தி, இடித்ததும் தீ மூட்டும் சிறு ப்ரைமர், உள்ளே வெடிமருந்தான பவுடர், முனையில் குண்டு. சுட்டபிறகு கையில் மிஞ்சுவது கூடு மட்டும். மற்ற மூன்றையும் வாங்கி, கூட்டைத் திரும்பப் பயன்படுத்துவதுதான் ரீலோடிங். சேமிப்பு பெரும்பாலும் கூட்டிலிருந்துதான் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

2019-இல் துப்பாக்கி வாங்குவதற்கும் துப்பாக்கி உரிமத்துக்குமாக எஃப்.பி.ஐ. வழியாக நடந்த பின்னணிச் சோதனைகள் சுமார் 2 கோடியே 84 லட்சம். 2020-இல் அது 3 கோடியே 97 லட்சம். புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர்கள் கூடவே தோட்டாவும் வாங்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் நிறுவனம் திவாலானது. ஆர்கன்சாவில் லோனோக் ஊரிலுள்ள அதன் தோட்டா ஆலை வேறு கைக்கு மாறியது. 18, 20 சென்ட்டுக்குக் கிடைத்த, கைத்துப்பாக்கிக்கான 9 எம்எம் தோட்டா 70 சென்ட்டைத் தாண்டியது. 2021-இல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி கிடையாது என்று அரசு அறிவித்ததும், மலிவான இரும்புக்கூட்டுத் தோட்டாவும் கடைகளிலிருந்து மெல்ல மறைந்தது.

அப்போது ரீலோடிங் செய்கிறவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. தோட்டாவோடு சேர்ந்து ப்ரைமரும் காணாமல் போனது.

அமெரிக்காவில் ப்ரைமரைப் பெரிய அளவில் செய்பவை சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்கள். ப்ரைமரில் இருப்பது இடித்தால் வெடிக்கும் ரசாயனம். அதைக் கையாளும் ஆலையை ஆறு மாதத்தில் கட்டிவிட முடியாது. இந்த நிறுவனங்கள் எல்லாமே தாங்களும் தோட்டா செய்பவை. ப்ரைமர் குறைந்தால் முதலில் தங்கள் தோட்டாவுக்கு எடுத்துக்கொண்டு, மிஞ்சியதைத்தான் நமக்கு அனுப்பும். முன்பு ஆயிரம் ப்ரைமர் 30, 35 டாலர். 2021-இல் தனியாரிடம் 150, 200 டாலருக்கும் கைமாறியதைப் பார்த்தேன்.

பவுடர் கதையும் அதேதான். அதற்கு மூலப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பருத்திக்கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறும்பஞ்சிலிருந்து செய்வது. உக்ரைன் போர் தொடங்கியபின் பீரங்கிக் குண்டுகளுக்கே அது போதவில்லை. 2023 இறுதியில் ஃபெடரல், சிசிஐ நிறுவனங்களின் அன்றைய தாய் நிறுவனமான விஸ்டா அவுட்டோர், உலகளாவிய பவுடர் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 2024 ஜனவரி முதல் விலையை உயர்த்தியது.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ரீலோடிங் செய்கிறவரும் அதே சந்தையில்தான் நிற்கிறார். தட்டுப்பாட்டில் அவரைக் காப்பாற்றியது ப்ரெஸ் இல்லை, முன்பே வாங்கி வைத்திருந்த ப்ரைமர்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து: சாதாரண நாளில் ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவு, தட்டுப்பாட்டிலும் பொருள் கைக்குக் கிடைக்குமா என்பது, உங்கள் நேரம், ஆபத்து, அப்புறம் நீங்கள் சுடும் ரகமும் எண்ணிக்கையும். கடைசியாகச் சொன்னதுதான் மற்ற நான்கையும் தீர்மானிக்கிறது. 9 எம்எம் கைத்துப்பாக்கியில் மாதம் நூறு சுடுகிறவருக்கும், 6.5 க்ரீட்மோர் ரைஃபிளில் ஆயிரம் கெஜம் சுடப் பழகுகிறவருக்கும் ஒரே பதில் கிடையாது.

## வழி 1: கடையில் கிடைக்கும் விலைக்கு வாங்குவது

பலருக்கு இதுவே சரி. பெட்டியைப் பிரித்தால் சுடலாம். உத்தரவாதம் உற்பத்தியாளருடையது. நேரமும் இடமும் செலவில்லை. தட்டுப்பாட்டில் மட்டும் இரட்டை அடி: விலையும் ஏறும், சரக்கும் இருக்காது.

விலைக்குள் ஒளிந்திருக்கும் வரியும் உண்டு. 1937 முதல் இருக்கும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி தோட்டாவுக்கு 11 சதவீதக் கூட்டரசு வரி. அந்தப் பணம் காடுகளுக்கும் வனவிலங்குகளுக்கும் போகிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் மாநிலத்துக்கென்று இன்னொரு 11 சதவீதம்.

ஆண்டுக்கு ஆயிரத்துக்குள் சுடுகிறவர், வாடகை அபார்ட்மென்ட்டில் இருப்பவர், கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்: இவர்கள் மேற்கொண்டு யோசிக்காமல் இங்கேயே நின்றுவிடலாம். தற்காப்புக்கென்று துப்பாக்கியில் ஏற்றி வைக்கும் தோட்டா, நீங்கள் எவ்வளவு கைதேர்ந்த ரீலோடராக இருந்தாலும், ஆலையில் செய்ததாகவே இருக்கட்டும்.

## வழி 2: வீட்டில் நிரப்புவது

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். ஆசையும் ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். அண்மையில் நான் வாங்கிய விலைகளை வைத்து, கூடு கையில் இருக்கிறது என்று கொண்டு போட்ட கணக்கு இது. க்ரீட்மோருக்கு மட்டும், ஒரு டாலர் கூட்டை எட்டு முறை பயன்படுத்துவதாக வைத்துக் கூட்டின் பங்கையும் சேர்த்திருக்கிறேன்.

| ரகம் | குண்டு | ப்ரைமர் | பவுடர் | கூடு | நிரப்பும் செலவு | கடை விலை |
|---|---|---|---|---|---|---|
| 9 எம்எம் | 9 சென்ட் | 8 | 3 | – | 20 சென்ட் | 25 சென்ட் |
| .223 (ரைஃபிள்) | 11 சென்ட் | 8 | 16 | – | 35 சென்ட் | 50 சென்ட் |
| 6.5 க்ரீட்மோர், போட்டித் தரம் | 43 சென்ட் | 9 | 30 | 13 | 95 சென்ட் | 1.75 டாலர் |

முதல் வரியைப் பாருங்கள். 9 எம்எம்மில் தோட்டாவுக்கு மிஞ்சுவது 5 சென்ட். வேகமாக நிரப்பும் ப்ரோக்ரசிவ் ப்ரெஸ், கூட்டை அழுத்தி வடிவத்துக்குக் கொண்டுவரும் டை என்ற அச்சு, தராசு, கூடு கழுவும் டம்ப்ளர், நீளம் அளக்கும் கேலிப்பர் எல்லாம் சேர்ந்து ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொண்டால் போட்ட முதல் திரும்ப 20,000 தோட்டா நிரப்ப வேண்டும். மணிக்கு 300 நிரப்பினாலும் உங்கள் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் கூலி 15 டாலர்.

கடைசி வரியில் கதை வேறு. தோட்டாவுக்கு 80 சென்ட் மிச்சம். ஒவ்வொன்றாக நிரப்பும் எளிய சிங்கிள் ஸ்டேஜ் ப்ரெஸ்ஸே போதும். மொத்தம் 600 டாலர் போட்டால் 750 தோட்டாவில் முதல் வந்துவிடும். உங்கள் துப்பாக்கியின் குழலுக்கு எந்தக் குண்டு, எந்தப் பவுடர் ஒத்துவருகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்வதால் கடைத் தோட்டாவைவிடக் குறி ஒழுங்காக விழுவதும் நடக்கும். .300 வின்செஸ்டர் மேக்னம், .44 மேக்னம், .45 கோல்ட் மாதிரி எப்போதும் விலை கூடுதலான ரகங்களுக்கும் இதே கணக்குதான். ஆலைகள் நெருக்கடியில் 9 எம்எம், .223 போன்ற ஓடும் சரக்கையே முதலில் செய்யும். இந்த ரகங்களுக்கு முறை வர மாதக்கணக்கில் ஆகும். நிரப்பத் தேவையான நான்கு பொருளையும் முன்பே வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே அப்போது சுட முடியும்.

.223 இரண்டுக்கும் நடுவே. ராணுவக் கூடாக இருந்தால் ப்ரைமர் குழியில் இறுக்கிவிட்ட வளையத்தை நீக்க வேண்டும். கூடு நீண்டுபோயிருந்தால் அளந்து வெட்ட வேண்டும். 15 சென்ட்டுக்காக அந்த வேலையைச் செய்ய உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கணக்கில் வராத செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். ப்ரைமரையும் பவுடரையும் இணையத்தில் வாங்கினால் ஆபத்தான சரக்குக் கட்டணம் என்று தனியாகப் பிடிப்பார்கள். ஒரு பவுண்டு பவுடர் மட்டும் வரவழைத்தால் கட்டணமே பவுடர் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நான்கு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுவதுதான் வழி. ஒவ்வொரு ரகத்துக்கும் தனி டை. ரீலோட் செய்த தோட்டாவால் துப்பாக்கிக்கு ஏதாவது ஆனால் பெரும்பாலான உற்பத்தியாளர்களின் உத்தரவாதம் செல்லாது. அப்புறம் இன்னொன்று: நிரப்பத் தொடங்கியவர்கள் பணத்தை மிச்சம் பிடிப்பதில்லை, கூடுதலாகச் சுடுகிறார்கள். நானும் அப்படித்தான். பயிற்சிதான் நோக்கம் என்றால் அது நல்லதே. மாதச் செலவு குறையும் என்று மட்டும் வீட்டில் சொல்லிவிடாதீர்கள்.

### ஆபத்தைப் பற்றி

மூன்று ஆண்டுக்கு முன் ரேஞ்சில் எனக்கு இரண்டு இடம் தள்ளி ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார். வழக்கமான சத்தத்துக்கு நடுவே ஒரே ஒரு தடவை 'புஸ்' என்றது, ஈரப் பட்டாசு மாதிரி. அவர் பழக்கத்தில் ஸ்லைடை இழுத்துவிட்டு அடுத்ததைச் சுட விரலை வைத்துவிட்டார். மேற்பார்வையாளர் "நிறுத்து!" என்று போட்ட கத்தலில் ரேஞ்சே நின்றது. துப்பாக்கியைப் பிரித்துக் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. குண்டு பாதி வழியில் சிக்கியிருந்தது. பவுடர் விழாத தோட்டா. ப்ரைமரின் வேகம் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கலாம். பித்தளைக் கம்பியை விட்டுத் தட்டி அதை எடுத்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முந்தின இரவு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே நிரப்பினேன் என்றார்.

இதற்கு நேர் எதிரானது இரட்டைப் பவுடர். கைத்துப்பாக்கிக் கூடுகள் பலவற்றில் இரண்டு மடங்கு பவுடர் விழுந்தாலும் வழியாது. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாத தோட்டா அது. அதனால் என் ப்ரெஸ்ஸுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு மாட்டியிருக்கிறேன். கைப்பிடியை இறக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்து, பவுடர் மட்டத்தைக் கண்ணால் கண்டபிறகுதான் குண்டை வைப்பேன். போன் வந்தால் பாதியில் இருக்கும் கூட்டை வெளியே எடுத்துக் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். மேஜையில் ஒரே ஒரு பவுடர் டப்பாவுக்கு மேல் இருக்காது. அளவுகளுக்குப் பவுடர் நிறுவனங்களும் குண்டு நிறுவனங்களும் வெளியிடும் கையேடுகள் இருக்கின்றன. அவற்றிலுள்ள தொடக்க அளவிலிருந்து தொடங்குங்கள். நண்பர் சொன்ன அளவு வேண்டாம். தட்டுப்பாட்டில் கையேட்டில் சொன்ன பவுடர் கிடைக்காதபோது "இதுவும் கிட்டத்தட்ட அதுதானே" என்று மாற்றிப் போடும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கவே கூடாது.

ஈயத்தை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. சுட்ட கூட்டில் ஒட்டியிருக்கும் கரியில் ப்ரைமரிலிருந்து வந்த ஈயம் இருக்கிறது. உலர்ந்த தூளில் போட்டு உருட்டிச் சுத்தம் செய்தால் அந்தத் தூசி காற்றில் பறக்கும். நான் தண்ணீரில் போட்டுக் கழுவும் முறைக்கு மாறிவிட்டேன். குழந்தைகள் தவழும் அறையிலோ சமையலறை மேஜையிலோ இந்த வேலை கூடாது. முடித்ததும் கை கழுவிய பிறகுதான் மற்ற எதுவும்.

வைத்திருக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் தீப்பாதுகாப்பு விதிப்படி வீட்டில் பவுடர் 20 பவுண்டு வரை, அதன் அசல் டப்பாவிலேயே; ப்ரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம். ப்ரைமரை அது வந்த தட்டிலிருந்து கொட்டிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு வைக்கவே கூடாது. ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்கும்.

## வழி 3: மலிவான நாளில் மொத்தமாக வாங்கி வைப்பது

9 எம்எம் சுடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். ப்ரோக்ரசிவ் ப்ரெஸ்ஸுக்குப் போகும் ஆயிரம் டாலரில், 25 சென்ட் வீதம் 4,000 தோட்டா வரும். மாதம் நூறு சுடுகிறவருக்கு மூன்று ஆண்டுக்கு மேல் தாங்கும். 2008 தேர்தலுக்குப் பின் ஒரு தட்டுப்பாடு, 2012 டிசம்பருக்குப் பின் ஒன்று, 2020-இல் ஒன்று. ஒவ்வொன்றும் ஓரிரு ஆண்டில் தணிந்திருக்கிறது. அந்த இடைவெளியைத் தாண்டும் அளவுக்குச் சரக்கு இருந்தால் போதும்.

ஈரமும் வெயிலும் படாமல் வைத்த நல்ல தோட்டா பல பத்தாண்டுகள் கெடாது. டெக்சஸ் கோடையில் கராஜில் வைக்காதீர்கள், வீட்டுக்குள் ஒரு அலமாரி போதும். குறை என்றால் பணம் முடங்குவது, இடம், எடை. 9 எம்எம் ஆயிரம் தோட்டாப் பெட்டி ஏறக்குறைய 12 கிலோ வரும். இன்னொன்று, இது தட்டுப்பாடு வருமுன் செய்ய வேண்டியது. வந்தபிறகு வரிசையில் நின்று மூன்று மடங்கு விலைக்கு வாங்கிக் குவித்தால், அந்தத் தட்டுப்பாட்டை வளர்ப்பதே நாம்தான்.

## வழி 4: குறைவாகச் சுட்டு, நன்றாகப் பழகுவது

சிறிய ரகமான .22 தோட்டா அண்மையில் 7, 8 சென்ட்டுக்குக் கிடைத்தது. உங்கள் துப்பாக்கியைப் போலவே பிடிப்பும் எடையும் கொண்ட .22 மாடல் கிடைத்தால் பயிற்சியில் பாதியை அதற்கு மாற்றிவிடலாம். ஆனால் 2013-இல் மிக நீண்ட நாள் காணாமல் போனது இந்த .22-தான். விளிம்பில் வெடிக்கும் ரகம் என்பதால் வீட்டில் திரும்ப நிரப்பவும் நடைமுறையில் வழியில்லை. ஆகவே இதற்கும் வழி 3-இல் சொன்ன இருப்பு தேவை.

தோட்டாவே இல்லாத வெற்றுப் பயிற்சிக்குச் செலவு கிடையாது. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பத்திரமான திசையில் சுவரில் ஒட்டிய சிறு புள்ளியைக் குறிவைத்து விசையை அசையாமல் இழுக்கப் பழகுவது. தினமும் பத்து நிமிடம். 2021 முழுக்க நான் மாதம் 50 தோட்டாதான் சுட்டேன், மீதியெல்லாம் இதுதான். குறி கெடவில்லை. அதிர்வைத் தாங்கும் பழக்கம் மட்டும் இதில் வராது. அதற்குத்தான் அந்த 50.

## யாருக்கு எது

6.5 க்ரீட்மோர், .308 போட்டி, பெரிய மேக்னம், பழைய ரிவால்வர் ரகங்கள் என்றால் வழி 2. தயங்காதீர்கள், ஆனால் ப்ரைமர் நியாய விலையில் கிடைக்கும் நாளில் தொடங்குங்கள். ப்ரெஸ்ஸை வாங்கும் முன் இரண்டு ஆண்டுக்கான ப்ரைமரை வாங்குங்கள். பழைய கருவிகள் நல்ல விலைக்குத் திரும்ப விற்கும், அந்த வகையில் பெரிய நட்டம் வராது.

மாதம் ஆயிரத்துக்கு மேல் 9 எம்எம் சுடும் போட்டிக்காரர் என்றாலும் வழி 2 பொருந்தும். இருபது மாதத்தில் முதல் வந்துவிடும். அதற்குக் கீழே 9 எம்எம் என்றால் வழி 3, கூடவே வழி 4. தட்டுப்பாடு ஏற்கெனவே வந்துவிட்டது, கையில் எதுவுமில்லை என்றால் வழி 4 மட்டும்தான். அந்த நேரத்தில் ப்ரெஸ் வாங்கி, 200 டாலருக்கு ப்ரைமர் தேடி அலைவதில் பணமும் போகும், அவசரத்தில் கவனமும் போகும்.

தம்பிக்கும் இதையே சொன்னேன். அவன் சுடுவது 9 எம்எம், மாதம் 150. இரண்டு பெட்டி, ஆயிரம் ஆயிரமாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டான். ப்ரெஸ் வாங்கவில்லை. ஆனால் சுட்டு முடித்ததும் குனிந்து தன் பித்தளைக் கூடுகளை ஒன்று விடாமல் பொறுக்குகிறான், நான்தான் பொறுக்கச் சொன்னேன். காசு செலவில்லை. அடுத்த ஆண்டு ரைஃபிள் வாங்கி ரீலோடிங்கும் பழகினால், 9 எம்எம்முக்கு மட்டும் ஒரு டை வாங்கிக்கொள்ளலாம். கூடு வாளி நிறைய இருக்கும்.